ஜாஸ் இசையும் நம்மட பெயர்ப் பட்டியலும்

கொட்டாஞ்சேனையில் என்னிடம் தமிழ் படிக்கும் உயர்தர மாணவன் ஒருவன் சென்ற மாதம் தன் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க ஜாஸ் கலைஞர்களின் பெயர்கள்: யூசுப் லத்தீஃப், அஹ்மத் ஜமால், அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்று பெயர் வைத்துக்கொண்ட ஆர்ட் பிளேக்கி. "எல்லாம் நம்மட ஆக்கள், சேர்" என்றான். இவர்கள் வாசித்ததில் எதையாவது கேட்டிருக்கிறாயா என்றேன். "இல்ல சேர்."

அவனில் பிழையில்லை. நம் சஞ்சிகைகளின் விமர்சனமும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெயரைப் பார்த்து மார்க்கத்தை உறுதிசெய்துவிட்டு, ஆக்கத்தைத் திறக்காமலே மூடிவிடுகிறோம். இசை ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நான் பேசுவது விமர்சனத்தைப் பற்றி.

1930களில் ஜாஸ் என்பது பெரிய வாத்தியக் குழுக்களின் நடன இசை. 1940களில் சார்லி பார்க்கர், டிஸி கில்லஸ்பி போன்றோர் அதை நாலைந்து பேரின் சிறு குழுவுக்குள் கொண்டுவந்தார்கள். வேகமும் சிக்கலும் கூடின. ஆட வந்தவர்கள் உட்கார்ந்து கேட்கவேண்டியதாயிற்று. பீபாப் என்பது அதன் பெயர். கறுப்பினக் கலைஞர் பலர் இஸ்லாத்துக்கு வந்ததும் இக்காலத்தை ஒட்டித்தான். கேளிக்கைக்காரராக அல்லாமல் கலைஞராக மதிக்கப்படும் ஆசையும், அடிமைக் காலம் தந்த பெயரைக் களையும் ஆசையும் ஒன்றையொன்று தொட்டன என்றே நினைக்கிறேன். லத்தீஃப் அஹ்மதியா இயக்கத்தினூடாக வந்தவர் என்பதைப் பட்டியல் போடுவோர் சொல்வதில்லை. பட்டியல் சுருங்கிவிடும் என்ற பயமாக்கும்.

லத்தீஃபின் 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' 1961இல் ஒலிப்பதிவானது. சீனத்துக் குழலும் ரபாப் வகை நரம்பு வாத்தியமும் அதில் வருகின்றன. 'த த்ரீ ஃபேசஸ் ஒஃப் பலால்' என்ற தலைப்பைக் கண்டதும் நமக்கு பிலால் (ரழி) ஞாபகம் வரும். ஆனால் அதே தட்டில் 'ஸ்பார்ட்டகஸ்', 'த ரோப்' என்னும் இரண்டு ஹொலிவூட் படங்களின் மெட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் ரோமாபுரிக் கதைகள்! 'ஸ்பார்ட்டகஸ்' மெட்டை அவர் ஓபோ குழலில் இழுத்து இழுத்து ஊதும் விதத்தில்தான் எனக்குக் கிழக்கு கேட்கிறது. தலைப்பில் அல்ல.

ஜமாலிடம் அந்தத் தலைப்பும் இல்லை. 1958 ஜனவரியில் சிக்காகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் பதிவான 'பாய்ன்சியானா' எட்டு நிமிடம் ஓடுகிறது. இஸ்ரேல் குரொஸ்பியின் பாஸும் வெர்னல் ஃபூர்னியேயின் ட்ரம்ஸும் விடாமல் நடக்க, பியானோ அடிக்கடி வாய்மூடி நிற்கும். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லுக்கு முன் நாம் மூச்சு விடுவோமே, அந்த நிறுத்தம். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் இரைச்சலுக்குள் கேட்டால்கூட அது காதில் விழும். மைல்ஸ் டேவிஸ் வியந்தது இந்த இடைவெளிகளைத்தான். அரபு வாடை மருந்துக்கும் இல்லை. இரண்டில் எது ஆழமானது என்று கேட்டால் நான் ஜமாலையே சொல்வேன்.

தலைப்பை நம்பக்கூடாது என்பதற்கு நம் ஊர் வழியாகப் போன ஒரு சாட்சியும் உண்டு. 1963இல் டியூக் எலிங்டன் தன் குழுவோடு, அமெரிக்க அரசின் ஏற்பாட்டில், மத்திய கிழக்கும் தென்னாசியாவும் சுற்றினார், கொழும்புக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் பேரில் 1966இல் பதிவானது 'ஃபார் ஈஸ்ட் சுவீட்'. (இலங்கையின் பெயரில் அதில் ஒன்றுமில்லை, போகட்டும்.) அதிலே மிக அழகானது 'இஸ்பஹான்'. ஆனால் பில்லி ஸ்ட்ரேஹோர்ன் அதைப் பயணத்துக்கு முன்பே 'எல்ஃப்' என்ற பெயரில் எழுதி வைத்திருந்தார். பாரசீக நகரத்தின் பெயர் பிறகு ஒட்டப்பட்டது. முதல் உருப்படிக்கோ சுற்றுலாப் பயணியின் பார்வை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நம் கவிதைகளுக்கு வாருங்கள். ஈச்சமரம், ஒட்டகம், பாலைநிலவு என்று மூன்றையும் வைத்துவிட்டால் இஸ்லாமியக் கவிதை என்று பரிசு கொடுக்கிறோம். எழுதியவர் மட்டக்குளிக்கு அப்பால் போகாதவராக இருப்பார். உமறுப் புலவர் நேர்மாறாகச் செய்தார். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு மண்ணையே ஆறும் வயலுமாக்கி, தன் மருத நிலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் இன்று கவிதை அனுப்பினால், பாலைவனம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புவோமோ என்னவோ.

மாணவனிடம் 'பாய்ன்சியானா'வைக் கொடுத்து, வாசித்தவரின் பெயரையோ மார்க்கத்தையோ சொல்லாமல் ஒரு பக்கம் எழுதி வா என்றேன். அரைப் பக்கம்தான் கொண்டுவந்தான். முதல் வரி: "இவர் ஏன் அடிக்கடி கையை எடுக்கிறார்?"