கூம்பின் பொருளும் கேட்பவர் தீர்ப்பும்

உயர்தர ஒலிக்கருவிகளின் உலகில், ஒலிபெருக்கியின் இயல்பை அதன் ஒலியெழுப்பும் உறுப்பான டிரைவர் எந்தப் பொருளால் ஆனது என்பதைக் கொண்டே தீர்மானிக்கும் வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. காகிதக் கூம்பு இயற்கையாகப் பாடும், பட்டுக் குவிமாடம் மென்மையாக ஒலிக்கும், உலோகம் காதைக் கூசச்செய்யும் என்னும் கருத்துகள் வாங்குவோரிடமும் விமர்சகரிடமும் விதிகளைப் போலவே வழங்குகின்றன. இவ்வழக்கத்துக்கு இயற்பியல் சார்ந்த அடிப்படை உண்டு; ஆனால் அவ்வடிப்படை தாங்கக்கூடியதைவிட மிகுதியான முடிவுகள் அதன்மீது ஏற்றப்படுகின்றன.

பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் 1925இல் விளக்கிய இயங்குசுருள் ஒலிபெருக்கியில், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்பைத் தள்ளி இழுக்கிறது. கூம்பு முழுவதும் ஒரே உடலாக அசைய வேண்டும் என்பதே குறிக்கோள். எனினும் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேல் அதன் பகுதிகள் வெவ்வேறாக அதிரத் தொடங்குகின்றன. சிதறதிர்வு எனத்தக்க இந்நிலை எங்கே தொடங்கும் என்பதைப் பொருளின் விறைப்பும் எடையும், எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதை அதன் உள்தணிப்பும் பெரிதும் முடிவு செய்கின்றன. அலுமினியத்தைவிட எடை குறைந்ததும் ஏறத்தாழ நான்கு மடங்கு விறைப்பானதுமான பெரிலியத்தை யமஹா நிறுவனம் 1974இல் என்எஸ்-1000 வரிசையில் கையாண்டது இதனாலேயாகும். பிபிசி ஆய்வாளர்களோ, ஈரப்பதத்தால் மாறுபடும் காகிதத்தை விடுத்து, பெக்ஸ்ட்ரீன், பின்னர் தணிப்பு மிகுந்த பாலிப்ரொப்பிலீன் ஆகிய நெகிழிகளை நாடினர். ஆகவே பொருளைப் பற்றிய அக்கறை வெறும் விளம்பரம் அன்று.

குறை அடுத்த படியில் நேர்கிறது. உலோகக் கூம்பின் சிதறதிர்வு கூர்மையானதே. ஆயினும் அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று அந்த எல்லைக்கு மிகக் கீழேயே கூம்பின் பணியை முடித்துவிட்டால் அது பெரும்பாலும் கேட்காது. உயர்சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டரின் 25 மில்லிமீட்டர் அலுமினியக் குவிமாடத்தில் அது பொதுவாக மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அப்பாலேயே எழுகிறது. மறுபுறம், காகிதக் கூம்பும் மென்துணிக் குவிமாடமும் கொண்ட யமஹா என்எஸ்-10எம், உயர்சுருதிகளின் கடுமைக்காக ஒலிப்பதிவுக் கூடங்களில் அதன் ட்வீட்டர்மீது மெல்லிய காகிதத்தைத் தொங்கவிடும் அளவுக்குப் பெயர்பெற்றது. மென்மையும் கடுமையும் பொருளின் பிறவிக்குணங்கள் அல்ல, வடிவமைப்பு முழுவதன் விளைவுகள் என்பதற்கு இது தக்க சான்று.

கேட்பவரின் விருப்பமும் கலப்பற்றது அன்று. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணால் கண்டும் காணாமலும் மதிப்பிட்டவர்களின் மதிப்பெண்கள் மாறின. தோற்றமும் அளவும் விலையும் தீர்ப்பில் கலந்தன. காணாமல் கேட்டோர், பயிற்சியில் வேறுபட்டிருந்தும், நேர்முகமாக எல்லா அதிர்வெண்களிலும் சமமான ஒலிப்பும் பக்கவாட்டில் சீரான பரவலும் உடையவற்றையே பொதுவாக விரும்பினர் என்பதை டூலின் முந்தைய கனடிய ஆய்வுகள் காட்டின. நீண்டகாலப் பழக்கமும் அறையின் இயல்பும் குறுகிய சோதனைகளில் முழுமையாக அடங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் பொருளின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதற்கு அது நியாயமாகாது.

எனவே பொருள் வடிவமைப்பாளர் எடுத்தாள வேண்டிய கேள்வி. கேட்பவருக்கு அது விடையாகாது. சிதறதிர்வு எங்கே எழுகிறது, கிராஸ்ஓவர் அதை எவ்வாறு கையாள்கிறது, ஒலி அறையில் எவ்வாறு பரவுகிறது என்பவற்றை அளந்து கூறுவதும், கூம்பை மறைத்துவைத்துக் கேட்பதும் விமர்சனத்தின் கடமைகளாக வேண்டும். அவை இல்லாத இடத்தில் அரிய உலோகத்துக்குக் கொடுக்கும் விலை, ஒலிக்கு அன்றிப் பெயருக்கே கொடுத்த விலையாகிவிடும்.