ட்ரிகரின் "எடை" என்கிற ஒற்றை எண்

பிஸ்டலை மேம்படுத்துவது பற்றிய கட்டுரை, வீடியோ எதை எடுத்தாலும் முதல் ஆலோசனை ஒன்றுதான். ஒரு ட்ரிகர் கிட் வாங்கு, இரண்டு ஸ்பிரிங்கை மாற்று, இழுப்பதற்கான பலத்தைக் குறை, குறி தன்னால் சரியாகும். துப்பாக்கியை இயந்திரமாக மட்டும் படிக்கிற எனக்கு இந்த ஆலோசனை அரைகுறையாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்ல, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு அப்கிரேடிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டது. பெயரே எம்1911. முதல் உலகப் போரில் அது பல அளவுக் கைகளுக்குப் போனபோது குறைகள் வெளியே வந்தன. சின்னக் கைக்காரருக்கு ட்ரிகர் சரியாக எட்டவில்லை. பின்னால் பாயும் ஹாம்மர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கடித்தது. பலருக்குக் குண்டு குறிக்குக் கீழே போனது. முன்குறி மெல்லியதாக இருந்ததால் அவசரத்தில் கண்ணில் படவில்லை.

ராணுவம் என்ன செய்தது? ட்ரிகரின் நீளத்தைக் குறைத்தது. ட்ரிகருக்குப் பின்னால் சட்டத்தின் இரு பக்கமும் விரல் படிய வளைவாக வெட்டியது. ஹாம்மர் கடிக்காதபடி, பிடியின் பின்புறப் பாதுகாப்புத் தகட்டின் வாலை நீட்டியது. மூக்கு தாழாமல் இருக்க, பிடியின் கீழ்ப்பகுதியில் பின்பக்கம் வில் மாதிரி ஒரு புடைப்பு வைத்தது. முன்குறியை அகலமாக்கியது. 1926இல் இந்த வடிவத்துக்கு எம்1911ஏ1 என்று பெயர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ராணுவம் தொடாத பகுதி. ஹாம்மரைப் பிடித்து நிறுத்துகிற கொக்கிக்கு சியர் என்று பெயர். சியரும் ஹாம்மரும் கவ்வும் அமைப்பு, அதாவது எப்போது சுட வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதி, அடிப்படையில் அப்படியே இருந்தது. எங்க பாஷையில் சொன்னால், கோர் லாஜிக்கில் கை வைக்காமல் இன்டர்ஃபேஸை மட்டும் திருத்தினார்கள்.

குறை இல்லாமலும் இல்லை. ஒரு கைக்கு ஏற்ற திருத்தத்தை எல்லாக் கைக்கும் கட்டாயமாக்கினார்கள். அதனால்தான் இன்று விற்கும் பல 1911 மாடல்களில் பழைய தட்டையான பின்பக்கமும் நீள ட்ரிகரும் திரும்பி வந்திருக்கின்றன. ஆனால் நீட்டிய வால் போகவில்லை, இன்னும் நீண்டிருக்கிறது. சதையைக் கடிப்பது யாருக்கும் பிடிக்காது இல்லையா?

சரி, எடை விஷயத்துக்கு வருவோம். "எடை குறைந்த ட்ரிகர்" என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு சமாச்சாரங்களை ஒன்றாகக் குழப்புகிறோம். ஒன்று, இழுக்கத் தேவைப்படும் பலம். மற்றொன்று, அந்த உலோகத் துண்டின் நிறை.

முதலில் பலம். நியூயார்க் போலீஸ், தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க, க்ளாக் பிஸ்டல்களில் வழக்கமான சுமார் 5.5 பவுண்டுக்குப் பதிலாக 12 பவுண்டு ட்ரிகரை வைத்தது. கிட்டத்தட்ட 5.4 கிலோ. குண்டு நிரப்பிய க்ளாக் 19 ஒரு கிலோகூட வராது. தன் எடையைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான பலத்தில் இழுக்கப்படும் பொருள் கையில் ஆடாமல் எப்படி இருக்கும்? 2012 ஆகஸ்ட் 24இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, கொலை செய்துவிட்டு வந்த ஒருவரை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டார்கள். வழியில் நின்ற 9 பேர் போலீஸ் குண்டுகளாலும் சிதறல்களாலும் காயப்பட்டார்கள். பழியை ட்ரிகர் மேல் மட்டும் போட முடியாது. தூரம், பயிற்சி, பதற்றம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா, கனமான ட்ரிகர்தான் பாதுகாப்பு என்று இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அடுத்து நிறை. 2017இல், சிக் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாகச் சுடுகிறது என்று தெரிய வந்தது. விழுந்த துப்பாக்கி தரையில் மோதி நிற்கிறது, ட்ரிகர் மட்டும் தன் நிறையின் உந்தத்தில் பயணத்தைத் தொடர்கிறது. யாரோ விரலால் இழுத்த மாதிரி! அந்த ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த அப்கிரேடில் ட்ரிகர், சியர், ஸ்ட்ரைக்கர் மூன்றின் நிறையும் குறைக்கப்பட்டது. இங்கே லேசான ட்ரிகர் என்பது சொகுசு இல்லை, பாதுகாப்பு. இழுக்கும் பலத்தைக் குறைக்கிற கிட்டுக்கும் இதற்கும் பெயர் ஒன்று, வேலை வேறு.

அதனால் எந்த "எளிய அப்கிரேடை" யார் சிபாரிசு செய்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். இது யாருடைய கையின் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது? சியர் ஹாம்மரைக் கவ்வுவதையும் பாதுகாப்புத் தடைகளையும் தொடுகிறதா? கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்களா? பிடியின் தகடு, குறி, ட்ரிகரின் நீளம் போன்றவை முதல் கேள்வியோடு முடிந்துவிடும். பலத்தைக் குறைக்கிற கிட் மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் இருப்பதோ ஒரே ஒரு எண். ராணுவம் 1920களில் அந்த எண்ணைத் துரத்தவில்லை. துப்பாக்கியைப் பிடித்த கையைப் பார்த்தது.