முடிவிலியில் ஒரு பிளவு

கேமராவைப் புள்ளியாகப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி, கோடுகளின் கூட்டமாகப் பார்ப்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சிக்காரர் யாராவது ஆண்டிபட்டிப் பக்கம் வந்தால், கணவாயையும் வைகை அணையையும் பார்ப்பதற்கு முன்பாக சக்கம்பட்டியில் ஒரு கைத்தறி முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், ஏறத்தாழ 618 கி.மீ. உயரத்திலிருந்து நெய்துதான் படம் எடுத்தது. அதன் இரண்டு கேமராக்களில் ஒவ்வொன்றிலும் உணரிகள் சுமார் 12,000, எல்லாம் ஒரே வரிசையில். ஒரு கணத்துக்கு ஒரு வரி விழும். நாடா ஒருமுறை ஓடினால் ஓர் ஊடை இழை விழுவதைப் போல.

இது வெறும் உவமை இல்லை. பயணப்பாதை ஒரு பிளவு, அதாவது எல்லாக் கதிர்களும் தொட்டுச் செல்லும் ஒரு கோடு. ஒவ்வொரு கணத்தின் கதிர்த்தளமும் முந்தையதற்கு இணை என்பதால், அத்தளங்கள் எல்லாம் முடிவிலியில் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. அதுதான் இரண்டாவது பிளவு. எந்தக் கதிரும் இரண்டையும் தொட்டே ஆக வேண்டும். ஒரு கோட்டைக் குறிக்கும் புளூக்கரின் ஆறு எண்களில் இவை இரண்டே நேரியல் நிபந்தனைகள். ஒவ்வொரு கோடும் ஒரு புள்ளியாக அமரும் கிளைனின் இருபடிப் பரப்பை அவற்றால் வெட்டினால் மிஞ்சுவது இரட்டைக் கோட்டுப்பரப்பு. அதன் ஒரு கோட்டுக் குடும்பம் ஒரு கணத்தின் கதிர்கள், அதாவது ஊடை. மற்றக் குடும்பம் ஒரே உணரி பயணம் முழுக்க வீசும் இணைக்கதிர்கள், அதாவது பாவு. ஊசித்துளைக் கேமராவுக்கு அங்கே கிடைப்பது தட்டையான ஒரு தளம் மட்டுமே.

ராஜீவ் குப்தாவும் ரிச்சர்ட் ஹார்ட்லியும் 1997இல் இந்த வகைக் கேமராவுக்கு எழுதிய அணிச் சமன்பாடுகள் இன்றும் படிக்கப் படிக்கச் சுவை. வரிசை ஒன்று கொண்ட, அதாவது பொதுவான ஒரு புள்ளி வழியே ஒரே ஒரு கோடு செல்லும் கோட்டுக் கூட்டங்களைக் கும்மர் 1866இலேயே வகைப்படுத்திவிட்டார். போன்ஸ், ஸ்டர்ம்ஃபெல்ஸ், டிரேகர் மூவரும் 2017இல் அந்தப் பட்டியலைக் கேமராக்களின் பட்டியலாக வாசித்துக் காட்டினார்கள். அதில் முறுக்கிய முப்படி வளைவின் நாண்களுக்கு, (1,3) வகைக்கு, ரசிகர்கள் அதிகம். அழகுதான். ஆனாலும் நம் இரு பிளவுக் கேமராவின் (1,1) வகைக்குள்ள சிக்கனம் அதில் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். செயற்கைக்கோள் படத்தோடு இப்போது 80 கெழுக்கள் கொண்ட விகிதமுறு பல்லுறுப்புக் கோப்பு ஒன்று வருகிறது. மென்பொருளில் போட்டால் உயர வரைபடம் கிடைத்துவிடும். பாதை சற்று வளைவதையும் பூமி சுழல்வதையும் அது சமாளிக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த 80 எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிளவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கதிர் ஒன்றைக்கூட வரைந்து பார்க்காமல் மலையின் உயரத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளை வைத்து முடிவிலியில் உள்ள அந்தப் பிளவைச் சொல்லித் தரலாம். கார்ட்டோசாட்-1 வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டே படம் எடுத்தது. 26 பாகை முன்னே பார்க்கும் கேமராவில் காற்றாலைத் தண்டு ஏறக்குறைய தன் உயரத்தில் பாதி அளவுக்குத் தெற்கே சாயும். 5 பாகை பின்னே பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு வடக்கே சாயும். கிழக்கு மேற்குச் சாய்வு இடத்துக்கு இடம் மாறும். இந்த வடக்கு தெற்குச் சாய்வு மட்டும், ஒரே உயரத் தண்டு என்றால், படத்தின் எந்த ஓரத்தில் நின்றாலும் மாறாது.