பழவங்காடி: இடப்பெயராய்வில் புணர்ச்சியும் பொருளும்

இடப்பெயரின் பொருளைச் சொற்பிரிப்பால் மட்டும் நிறுவ இயலாது என்பதற்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள பழவங்காடி நல்ல சான்றாகும். கணபதி கோயிலால் பலரும் அறிந்த இவ்விடத்தின் பெயருக்குப் ‘பழைய அங்காடி’ என்றும் ‘கனி விற்கும் அங்காடி’ என்றும் பொருள் கொள்ள இடமுண்டு.

நன்னூல் நெறிப்படி இரண்டும் பொருந்தும். பழமை என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டுப் ‘பழ’ என நின்று, வகர உடம்படுமெய் பெற்று அங்காடியோடு புணரும். பழம் என்னும் மகரவீற்றுப் பெயரும், மரம்+அடி ‘மரவடி’ ஆவதுபோல, ஈற்றுமெய் கெட்டு அதே வடிவை எய்தும். வல்லெழுத்து வருமிடத்து இவை வேறுபடுகின்றன: பழக்கடை கனி விற்குமிடம், பழங்கதை பழமையான கதை. உயிரெழுத்து வருமிடத்து இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே, இங்கு இலக்கணம் மட்டும் முடிவு கூறாது.

முடிவுக்குத் துணைபுரிவது பெயர்ச்சூழல். அதே நகரில் புத்தன்சந்தை என்னும் இடம் உள்ளது. இதிலுள்ள ‘புத்தன்’ என்பது புத்தரைக் குறிப்பதன்று. குமரி மாவட்டப் புத்தன்துறையிற் போலப் ‘புதிய’ என்னும் பொருளது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட் என்னும் ஊர்ப்பெயரும் இவ்வகையினதே. வணிக இடங்களைப் பழமை, புதுமை என்னும் அடைகளால் பிரித்தறியும் இவ்வழக்கை நோக்க, ‘பழைய அங்காடி’ என்பதே வலுவுடைய பொருளாகிறது.

மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்பன இடம்பெறுவதால் இப்பெயர் தமிழுக்கே உரியது எனச் சிலர் வாதிடக்கூடும். அங்காடி என்னும் சொல் மலையாளத்திலும் வழங்குகிறது; கன்னடமும் தெலுங்கும் ‘அங்கடி’ என வழங்குகின்றன. ஒரு சொல்லின் தொன்மை, அதனால் பெயரிட்டவரின் மொழியைக் காட்டிவிடாது. உரிமை நாட்டும் விழைவு ஆய்வின் இடத்தைப் பற்றிக்கொள்ளுதல் கூடாது.

ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ (1946) இலக்கியத்தையும் கல்வெட்டையும் இணைத்து நோக்க வழிகாட்டியது. இங்கிலாந்தில் 1923இல் தோன்றிய ஆங்கில இடப்பெயர்க் கழகமோ, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவு முதலிய ஆவணங்களிலிருந்து பழைய எழுத்துவடிவங்களை ஆண்டுவரிசையில் தொகுத்து, அவற்றின் அடிப்படையில் பொருள் காண்கிறது. அம்முறை இங்கும் தேவை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலை ஆவணங்களில் இப்பெயரின் முந்தைய வடிவங்களைத் தேடுதல் வேண்டும். அவற்றில் கனி வணிகத்திற்குச் சான்று கிட்டுமாயின், மேற்கூறிய முடிவையும் மாற்றிக்கொள்ளுதலே ஆய்வு நெறியாகும்.