சமுதாயக் கல்லூரியில் சமுதாயம் எங்கே?

'சமுதாயக் கல்லூரி' என்னும் சொற்றொடரில் கல்லூரி எதுவென்பது எல்லோருக்கும் விளங்குகிறது; சமுதாயம் எதுவென்பதுதான் விளங்கவில்லை. கட்டடமும் பாடத்திட்டமும் சான்றிதழும் கல்லூரியின் பங்கு. ஊராரின் பங்கு யாது? பிள்ளைகளை அனுப்பி வைப்பது மட்டுந்தானா? புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகிறோம்.

இக்கல்லூரி முறை அமெரிக்காவில் பிறந்தது. 1901இல் ஜோலியட் நகரில் முதற்கல்லூரி தோன்றியது. ட்ரூமன் ஆட்சிக்காலத்தில் 1947இல் வெளிவந்த உயர்கல்வி ஆணைய அறிக்கை இப்பெயரைப் பரவச் செய்தது. நம் நாட்டில் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் இம்முயற்சி வேரூன்றியது. அதனைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்களுக்கு வயது வரம்பின்றி இடமளித்து, வாழ்க்கைத் திறனை முதலிலும் தொழில் திறனைப் பின்னரும் கற்பித்து, பணியிடப் பயிற்சியோடு நிறைவு செய்யும் அவ்வமைப்பு, தோற்றவர் என்று ஒதுக்கப்பட்ட பலரை மீண்டும் வகுப்பறைக்குள் அழைத்து வந்தது. கிறித்தவ நிறுவனங்கள் ஆற்றிய இப்பணியைப் பாராட்டாமல் மேலே செல்வது முறையன்று.

அரசு கையிலெடுத்தபின் திட்டம் நிறம் மாறியது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. பல்கலைக்கழக மானியக்குழு 2013இல் வகுத்த திட்டம் ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள் தொழிற்பாடங்களைச் சேர்த்தது. அதில் கல்லூரி கைகோக்க வேண்டிய துணையாக முன்னிறுத்தப்பட்டது தொழில்துறையே. உள்ளூர்ச் சங்கம், மகளிர் குழு, ஜமாஅத் ஆகியன பெரும்பாலும் ஆள்சேர்க்கும் அழைப்பாளராகச் சுருங்கிவிட்டன என்றே கருதுகிறோம்.

கீரமங்கலத்திலும் அதன் சுற்றூர்களிலும் பூவும் தென்னையும் பலாவும் வாழ்வாதாரம். முகூர்த்த நாளில் ஏறும் பூவின் விலை, வரத்து மிகுந்தால் பறிப்புக் கூலிக்கும் ஆகாமல் குப்பையில் கொட்டும் நிலைக்கு இறங்கிவிடும். வாசனைத் திரவியத் தொழிற்சாலை வேண்டுமென்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அருகிலுள்ள சேந்தன்குடியில் 2018இல் மறைந்த 'மரம்' தங்கசாமி வளர்த்த கற்பகச் சோலையைக் காண விவசாயிகளும் மாணவர்களும் தேடி வந்தனர். அதைக் கல்லூரி என்று எவரும் பதிவு செய்யவில்லை. செய்யும் வேலையால் அது கல்லூரியே.

2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் இவ்வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதன்பின், 2019இல், கொத்தமங்கலம், பேராவூரணிப் பகுதிகளில் இளைஞர்கள் தாமே நிதி திரட்டிக் குளங்களையும் ஏரிகளையும் தூர்வாரினர். வரத்துவாய்க்காலின் மட்டம் பார்த்தல், கரையின் சரிவு கணித்தல், வரவு செலவை ஊர்முன் வைத்தல் ஆகிய அனைத்தும் பாடங்களே. இவற்றைத் திரட்டி, முறைப்படுத்தி, அடுத்த ஊருக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஒரு கல்லூரிக்குரியது.

இம்மண்ணுக்கு அது புதிதுமன்று. 1991-92இல் இதே மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு மிதிவண்டியும் பாடமாயிற்று. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தொடங்கி வைத்த அம்முயற்சியில், எழுபதாயிரத்திற்கு மேற்பட்ட பெண்கள் பொதுவிடங்களில் மிதிவண்டி ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அவர்களுள் கட்டுப்பாடு மிக்க குடும்பத்து முஸ்லிம் இளம்பெண்களும் இருந்தனர். ஏளனப் பேச்சுக்கு அஞ்சாமல் அவர்கள் ஓட்டிய வண்டி, தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் குழந்தையையும் சுமந்தது. பேருந்துக்காகக் காத்திருக்கும் பொழுது மிஞ்சியது. கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகளைக் குத்தகைக்கு விட்டதும் அக்காலத்து நிகழ்வே. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு எளிதாக இருக்கவில்லை.

அறிவொளிக்கும் குறை உண்டு. இயக்கம் ஓய்ந்தபின் கற்றதைத் தாங்கிப்பிடிக்க நிலையான இடமில்லை. புதிதாக எழுதக் கற்றவர் பலர் மீண்டும் மறந்தனர். இயக்கத்திற்கு ஊர் இருந்தது, நாளை இல்லை. கல்லூரிக்கு நாளை இருக்கிறது. ஊர் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். குளிர்சாதனப் பழுதுநீக்கம் கற்று வளைகுடா செல்லும் இளைஞன் தவறு செய்கிறானா? இல்லை. புறப்பட்டுச் செல்வது அவனுடைய உரிமை. அவன் அனுப்பும் பணத்தில் பல குடும்பங்கள் நிமிர்ந்துள்ளன. ஆயினும் ஒருவன் கரையேறுவதும் ஊர் கரையேறுவதும் ஒன்றல்ல. முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதன் பெயரைச் சூடிக்கொள்வதையே நாம் குறைகாண்கிறோம்.

நம்மவரையும் விட்டுவைப்பதற்கில்லை. முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைச் சச்சார் குழு 2006இல் எடுத்துக்காட்டியபோது மேற்கோள் காட்டாத மேடையில்லை. ஆனால் நம் ஜமாஅத்துகள் பலவற்றின் கணக்கேட்டில் திருமண மண்டபத்திற்கு இருக்கும் வரி, பட்டறைக்கு இல்லை. வக்ஃபுக் கட்டடமொன்றின் பகல்நேர அறையையேனும், சமய வேறுபாடு பாராமல், பூ விவசாயிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் திறந்துவிட்டு, அருகிலுள்ள கல்லூரியை அங்கே வந்து கற்பிக்கச் சொல்லலாம். பாடத்தை ஊர் சொல்லட்டும்: பூவைக் கெடாமல் காத்தல், தென்னை நாரிலிருந்து கயிறு, பலாவைப் பதப்படுத்துதல், குளத்துக் கணக்கு. நேரத்தையும் ஊரே சொல்லட்டும். பூ பறிப்போர் விடியுமுன் வயலிலும் காலையில் சந்தையிலும் இருப்பர். காலை 10 மணிக்கு மணியடிக்கும் வகுப்பில் அவர்கள் எவ்வாறு அமர்வர்?