எடைமேடைக்கு ஒரு சிஸ்டம்: ‘நாமே சேர்த்தா மலிவு’ என்ற வாதம் பற்றி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் என் சித்தப்பா ஒரு எடைமேடை வச்சிருக்கார். ஸ்க்ராப் இரும்பு ஏத்தின லாரிகள் உருக்காலைக்குப் போறதுக்கு முன்னாடி அங்கே ஏறி இறங்கும். போன மாசம் அவரோட பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. “நீதான் சொந்தமா அசெம்பிள் பண்ணுவியே, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுடா” என்றார். உடனே சரின்னுட்டேன். அவர் தேவையை யோசிச்சு சொன்ன சரி இல்லை அது. எனக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஆசை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டப்போதான் நான் பல வருஷமா ஊருக்குச் சொல்லிவந்த அறிவுரையில் எவ்வளவு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சது.

‘பிராண்டட்’, ‘அசெம்பிள்ட்’ என்று நாம் பிரிப்பதே கொஞ்சம் தப்பு. டெல் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. திருவள்ளூரில் இருக்கும் எனக்கு அது பக்கத்து ஊர். அங்கேயும் நடப்பது வெளியிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டுற வேலைதான். நம்ம ஊரில் அசெம்பிள்ட் என்றால் நாமே பூட்டியது என்றும் அர்த்தமில்லை, ரிச்சி தெரு கடைக்காரர் பூட்டிக் கொடுத்தது என்றுதான் அர்த்தம்.

அது ஏன் மலிவா இருந்தது? 1984 கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பிறகு பாகங்கள் தாராளமா வர ஆரம்பித்தன. 1990களில் ரிச்சி தெரு விலைக்கும் கம்பெனி விலைக்கும் இருந்த தூரம் பெரிசு. ஆனா அந்த மிச்சத்தில் ஒரு பங்கு பில் இல்லாததால் வந்தது, இன்னொரு பங்கு காசு கொடுக்காத விண்டோஸால் வந்தது. இதை நாம் திறமைக் கணக்கில் எழுதிக்கிட்டோம். பிறகு உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்தது. 2005க்குள் முழு கம்ப்யூட்டருக்கே சுங்க வரி இல்லாமல் போனது. விண்டோஸை மொத்தமா வாங்கும் கம்பெனிக்கு லைசென்ஸ் விழும் விலை வேறு, கடையில் ஒற்றையாளா நாம் வாங்கும் விலை வேறு. நியாயமான பில், நியாயமான லைசென்ஸ் ரெண்டையும் சேர்த்துப் பாருங்க, சாதாரண ஆபீஸ் சிஸ்டத்தில் மிச்சம் ரொம்பக் குறைஞ்சுபோகும்.

சித்தப்பாவுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்கு. கம்ப்யூட்டருக்குக் கட்டும் 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். ‘பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்’ என்கிற பேரம் அவருக்கு லாபமே இல்லை. போதாததுக்கு 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்குப் போன மெமரியால் ரேம் விலை எகிறிவிட்டது. க்ரூஷியல் பெயரில் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப்போறதா மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. ரேமைத் தனியா வாங்க இது நல்ல நேரம் இல்லை.

சரி, அப்போ நாமே சேர்ப்பதில் நன்மையே இல்லையா? இருக்கு, ஆனா யூடியூப் சொல்லும் இடத்தில் இல்லை. அங்கே பேச்செல்லாம் கேமிங், வேகம், வண்ண விளக்கு. எடைமேடைக்கு வேகம் எதுக்கு? அதுக்கு வேணும் சீரியல் போர்ட். எடை காட்டும் இண்டிகேட்டர் ஆர்.எஸ்.232 வழியாத்தான் கம்ப்யூட்டரோடு பேசுது. புது டெஸ்க்டாப் பலவற்றில் அந்தப் போர்ட் கிடையாது. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் போட்டால் சில நாள் ஓடும், திடீர்னு போர்ட் நம்பர் மாறி சாஃப்ட்வேர் முழிக்கும். நாமே மதர்போர்டு தேர்ந்தெடுத்தால், போர்டின் மேலேயே காம் ஹெடர் இருக்கிறதா பார்த்து, சின்ன கேபிள் வாங்கிப் பின்னாடி போர்ட் எடுத்துடலாம்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஓடும் இடத்தில் வோல்டேஜ் ஆடும். விலை குறைஞ்ச கேபினெட்டோடு சும்மா வரும் ‘450 வாட்’ எஸ்.எம்.பி.எஸ். அந்த ஆட்டத்தைத் தாங்காது. எர்த்திங்கும் முக்கியம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ருனு இழுக்கும் இல்லையா, அது எர்த் இல்லாத பிளக்கில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியா கசியும் கரண்ட். கம்ப்யூட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் எர்த் வேறுபட்டால் அந்த வித்தியாசம் சீரியல் கேபிள் வழியாத்தான் ஓடும், போர்ட் கருகும். சித்தப்பாவோட பழைய சிஸ்டம் செத்ததும் அப்படித்தான்னு நினைக்கிறேன். புது சிஸ்டம் எதுவானாலும் எர்த் சரிபண்ணாமல் வச்சால் அதுக்கும் இதே கதிதான். ஃபேன் இழுத்துச் சேர்த்த இரும்புத் தூசி வேற, அது கரண்ட் கடத்துற தூசி.

இதெல்லாம் சொந்தமா சேர்க்கச் சொல்லும் காரணங்கள்தான். ஆனா ராத்திரி 2 மணிக்கு ஸ்கிரீன் கருப்பா நின்னா, வெளியே லாரி வரிசை நின்னா, யார் வருவாங்க? சொந்தமா சேர்த்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பெட்டியோடு வாங்கின ப்ராசஸருக்கு 3 வருஷம் உண்டு, பெட்டி இல்லாத ‘ட்ரே’ ப்ராசஸருக்குத் தயாரிப்பாளரிடம் நேரா கேட்க முடியாது. எது போச்சுன்னு கண்டுபிடிச்ச பிறகுதானே வாரண்டி? கண்டுபிடிக்கிற ஆள் நான். திருவள்ளூர் மேற்கு ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டி வடக்குப் பாதையில். ரயிலில் போனால் சென்னைக்குப் போய்த் திரும்பணும், இல்லாட்டி பெரியபாளையம் வழியா பஸ். ஆக நான் கொடுக்க இருந்தது சிஸ்டம் இல்லை, என்னை நம்பியிருக்கும் ஒரு சிக்கல். ‘சேர்ப்பது சுலபம்’ என்று எழுதும் யாரும், நான் உட்பட, இந்தப் பாதியை எழுதுவதில்லை.

கடைசியில் செய்தது இது. பெரிய ஆபீஸ்கள் கழிச்சுவிடும் பழைய டெஸ்க்டாப்பில், ஒரே மாடலில் ரெண்டு, பில்லோடு வாங்கினோம். பின்னாடி சீரியல் போர்ட் இருக்கிறதா பார்த்து வாங்கணும், தேடினால் கிடைக்குது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றதால் இண்டல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகவில்லை. ரேம் உள்ளேயே இருக்கு. இந்த மாதிரி மெஷின்கள் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். சொந்த வடிவில் இருக்கும், கடையில் கிடைக்கும் பொது வகை பொருந்தாது. நான் எப்பவும் சொல்லும் புகார் அதுதான். ஆனா ரெண்டாவது மெஷினே முழு உதிரிபாகமா நிற்கும்போது அந்தப் புகார் அடிபட்டுப் போகுது. ஒண்ணு படுத்தால் கேபிளை மாத்தணும், அவ்வளவுதான், எடைமேடை பையனே பண்ணிடுவான். அதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு புது எர்த் குழி எடுத்தோம். செலவில் கூடுதலா பேரம் பேசாமல் கொடுத்தது அதுக்கு மட்டும்தான்.

என் ஸ்க்ரூடிரைவர் ஆசைக்கும் வழி கிடைச்சது. பாலிடெக்னிக் படிக்கும் சித்தப்பா பையன் தனக்கு ஒண்ணு சேர்க்கணும்னு ரொம்ப நாளா கேட்கிறான். அவனுக்கு நாலு நாள் சிஸ்டம் ஓடலைன்னாலும் எந்த லாரியும் நிற்காது, கத்துக்குவான். முதலில் அந்தச் செத்த பழைய சிஸ்டத்தைக் கழட்டச் சொல்லியிருக்கேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதேன்னு ரெண்டு தடவை சொன்னேன், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.