கேத வீட்டின் மறுநாள்

கோவில்பட்டிச் சீமையில் சாவு நேர்ந்த வீட்டைக் கேத வீடு என்பர். துட்டி வீடு என்பாரும் உளர். கேதம் கேட்கச் செல்லும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்கி, உள்ளே சென்று கட்டிப்பிடித்து அழுவர். ஆண்களோ திண்ணையில் அமர்ந்து, அந்தப் பக்கம் மழை உண்டா, உளுந்து எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பர். எழும்போது ‘போய் வருகிறோம்’ என்று சொல்லும் வழக்கமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடப்பர். ஆறுதல் மொழி என்று ஒன்றை அங்கு எவரும் கூறுவதில்லை. வெளியூரார்க்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றக்கூடும். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கும் மானாவாரி நிலத்து மக்களுக்குச் சொல்லைவிட வருகையே பெரிது.

கரிசல் எழுத்தாளர்கள் பெற்றோரின் சாவை எழுதிய முறையும் இத்தகையதே என்பது நம் எண்ணம். இழந்தவரின் நெஞ்சுக்குள் புகுந்து துயரை அளக்க அவர்கள் முனைவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: மறுநாள் இந்தப் பிள்ளைக்குச் சோறு போடுபவர் யார்? எந்த வீட்டுத் திண்ணை இவனுடையது? இக்கேள்வியைக் ‘கரிசல் வறுமையின் சித்திரிப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடும் திறனாய்வு நம்மிடையே மிகுதி. வறுமை உண்மைதான். ஆனால் அக்கதைகளின் உட்பொருள் உறவு. ஓர் உயிர் போனபின் உறவுகள் எவ்வாறு இடம் மாறி அமர்கின்றன என்பதே அவற்றில் நடப்பது.

கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். ஒருவர் சென்னைக்கும் மலாயாவுக்கும் சென்று இதழ்ப்பணி புரிந்து, 47 வயது நிறையுமுன்பே 1970-இல் மறைந்தார். மற்றவர் நெடுங்காலம் ஊரிலேயே உழவராக வாழ்ந்தார். இருவரும் நண்பர்கள். இருவர் எழுத்திலும் குழந்தைகள் நிறைந்திருக்கின்றனர். அக்குழந்தைகளின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாத குறையும் அடிக்கடி தென்படுகிறது.

அழகிரிசாமியின் ‘இருவர் கண்ட ஒரே கனவு’ நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரடியான கதை. ஏழைத் தாய் ஒருத்தி, இரு சிறுவர்கள், பசி. தாய் இறந்துபோகிறாள். இரவில் அண்ணனும் தம்பியும் அவளைக் கனவில் காண்கின்றனர், ஒரே கனவு. இவ்வளவே கதை என்று சொல்லிவிடலாம். அந்தக் கனவை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க வேண்டும். கனவில் தாய் வருவது நம் நாட்டில் புதிதன்று. கேத வீட்டில் பத்து நாளைக்குள் யாரேனும் ஒருவர் கண்டதாகச் சொல்லத்தான் செய்வர். பெரும்பாலும் அது ஆறுதலாக முடியும். அழகிரிசாமி அந்த ஆறுதலைத் தருவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கனவு என்பதை நாம் அற்புதமாகப் படிப்பதற்கில்லை. இருவருக்கும் பசி ஒன்று, தேவை ஒன்று, உலகில் இருந்த ஆளும் ஒருத்தியே. வேறுவேறு கனவு காண அவர்களுக்கு வேறென்ன இருந்தது?

அந்த இரவுக்குப் பிறகு அவ்விருவரும் யாருடைய பிள்ளைகள் என்பதை அக்கதை தீர்த்துவைப்பதில்லை. இதனைக் குறையாகச் சொல்வாரும் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. தீர்வு ஒன்றைக் காட்டியிருந்தால் வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

அதே ஆசிரியரின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இதற்கு மறுபக்கமாக அமைகிறது. பலரும் படித்த கதை, பாடநூல்களிலும் இடம்பெற்றது. தீபாவளி நேரம். தாயம்மாளின் வீட்டில் மூன்று குழந்தைகள். எதிர்வீட்டுச் செல்வர் மகன் தன் பெருமைகளை அடுக்குகிறான். அவன் வீட்டுக்கு ‘ராஜா’ என்றழைக்கப்படும் ஜமீன் மாப்பிள்ளை வரவிருக்கிறார். தாயம்மாளின் வாசலுக்கு வருபவனோ உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த, தாய்தந்தையற்ற ஒரு சிறுவன். அவன் பெயரும் ராஜா. விடியுமுன் தன் பிள்ளைகளோடு அவனையும் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென வாங்கி வைத்திருந்த துண்டு அவனுக்குப் புத்தாடையாகிறது. எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மகள் மங்கம்மாள் எதிர்வீட்டுப் பையனிடம் சொல்வதோடு கதை முடிகிறது.

இக்கதையை ஈகைக்கு எடுத்துக்காட்டாகப் பேசுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நம் இதழ் போன்றவற்றிலும் பிறரன்பு பற்றிய கட்டுரைகளில் தாயம்மாள் தவறாமல் வந்து நிற்கிறாள். அந்த வாசிப்பு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஈகை செய்பவள் ஒரு பிடி சோற்றை இலையில் வைத்துத் திண்ணையோடு அனுப்பியிருப்பாள். அதற்கே ஊர் அவளைப் புகழ்ந்திருக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியல் அப்படிப்பட்டதன்று. அது பெற்றவள் செய்வது. சிரங்குத் தலையில் எண்ணெய் வைத்த விரல்களால் தாயம்மாள் ஓர் உறவை உண்டாக்குகிறாள். இரத்த வழியில் வராத உறவு. அதற்கு விலையாகக் கொடுப்பது உபரியாகக் கிடந்த பழந்துணியா? இல்லை, அந்த வீட்டுத் தலைவனின் ஒற்றைத் தீபாவளித் துண்டு. துண்டுக்குரிய கணவன் இதைப் பற்றி என்ன நினைத்தான் என்று ஆசிரியர் நம்மைக் கேட்கவிடாமல் கதையை முடித்துவிடுகிறார். அந்தப் பையன் அங்கேயே தங்கினானா என்பதும் தெரியாது. இங்கு மட்டும் நமக்குச் சற்று மனக்குறை உண்டு. மங்கம்மாளின் பதில் அவ்வளவு இனிமையாக விழுவதால், நாம் மறுநாளை மறந்துபோகிறோம். முந்திய கதை மறக்கவிடாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவரே அழகிரிசாமியை முழுமையாகப் படித்தவராவர்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் தந்தை இறக்கவில்லை. பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறார், பணம் வரவில்லை. தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகின்றனர். வாடைக்காற்று உள்ளே புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள் சாவடிப் பக்கம் கிடக்கும் தங்கள் கதவைக் கண்ட பிள்ளைகள் அதைத் தழுவிக்கொள்கின்றனர். கரிசலில் வெளியூர் போன தந்தை பாதி இறந்தவரே. அவர் இடத்தில் நின்று காற்றைத் தடுத்தது அந்த மரப்பலகை. பிள்ளைகள் கட்டிப்பிடித்ததை நாம் அவ்வாறே கொள்கிறோம்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னொரு வகை. அண்ணனைக் கொன்ற பகைக்குப் பழிவாங்கிய 15 வயதுச் சிதம்பரமும் அவன் தந்தையும் ஊரைவிட்டு ஓடிக் காடுகளில் ஒளிந்து திரிகின்றனர். பிள்ளையை இழந்த தந்தைக்கு எஞ்சிய பிள்ளை தோழனாகிறான். சேர்ந்து சமைக்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். வீட்டில் இருந்தபோது இருவரும் இவ்வளவு பேசியிருப்பார்களா என்பது ஐயமே. சாவு உறவைப் பிரிக்கும் என்பதே நாம் அறிந்தது. அது உறவை வேறு உருவில் வார்க்கவும் கூடும் என்று பூமணி அலட்டிக்கொள்ளாமல் காட்டிச் செல்கிறார்.

இக்கதைகளெல்லாம் குழந்தையையும் இளையவனையும் பற்றியவை. இன்று நாம் கேதம் கேட்கச் செல்லும் வீடுகளில் பெற்றோரை இழந்து நிற்பவருக்கு வயது ஐம்பது, ஐம்பத்தைந்து. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வளைகுடா நாட்டிலிருந்தும் வந்து இறங்குகின்றனர். அவர்களுக்குச் சோற்றுக் கவலை இல்லை. ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. தந்தை போனபோது தாய் இருந்தாள். பொங்கலுக்கு எல்லோரும் வந்தனர். தாயும் போனபின் எந்த வீட்டுக்கு வருவது? தாய் இருந்தவரை பெண்மக்களுக்குப் பிறந்த வீடாக இருந்தது, பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் வீடாகிவிடுகிறது. சொல்லில் சிறு மாற்றம்தான். அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அண்ணியும் குறைவைக்காமல் இருக்கலாம். ஆயினும் அடுக்களைக்குள் கேளாமல் நுழைந்து பானையைத் திறந்து பார்க்கும் உரிமை போய்விட்டதென்று அப்பெண்ணுக்குத் தெரியும். சென்ற ஆண்டு நாம் சென்றிருந்த ஒரு கேத வீட்டில் அறுபதை நெருங்கும் அம்மையார் ஒருவர், குடிக்கத் தண்ணீர் வேண்டித் தம் தாயின் அடுக்களை வாசலில் நின்று தம்பி மனைவியைக் கூப்பிட்டதைப் பார்த்தோம். ஒப்பாரியின்போது வராத கண்ணீர் நமக்கு அப்போது வந்தது.

இந்த மறுநாளை எழுதுபவர் யார்? சிறுவனின் அநாதை நிலையை எழுதிய கரிசல் இலக்கியம், நரைத்தவரின் அநாதை நிலைக்கு இன்னும் போதிய இடம் தரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. துயரம் சிறிது என்று எழுத்தாளர்கள் எண்ணுகிறார்கள் போலும். பசி இல்லாத இழப்பு கதைக்குப் போதாதென்ற ஓர் எண்ணம் நம் மண்ணில் வேரூன்றியிருக்கிறது. பாகப்பிரிவினைச் சண்டையாக மட்டுமே அது கதைகளில் தலைகாட்டுகிறது. சண்டையே இல்லாமல், யார்மீதும் குற்றம் சொல்ல வழியில்லாமல், மெல்ல அற்றுப்போகும் உறவை எழுதுவது கடினம். அழகிரிசாமியின் கைக்கு அது எட்டியிருக்கும்.

இடைசெவலை விட்டுப் புதுச்சேரியில் குடியேறிய கி. ராஜநாராயணன் 2021 மே 17-இல் அங்கேயே மறைந்தார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தினர். ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யைத் தொகுத்தவர் அவர், கேதச் சொற்களெல்லாம் இம்மண்ணில் எப்படிப் புழங்கின என்று அறிந்தவர். அவருக்காக அன்று ஊருக்கு வந்தவரைப் போலவே, பெற்றோருக்காக வந்துபோகும் பிள்ளைகளும் இன்று இரண்டொரு நாளில் திரும்பிவிடுகின்றனர். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற வரும் நம் குடும்பங்களிலும் இதைக் காண்கிறோம்: அண்ணன் காலையில் வந்து போயிருப்பார், தங்கை மாலையில் வருவார், மெழுகு உருகிக் கிடப்பதைப் பார்த்து அவர் வந்ததை இவர் அறிந்துகொள்வார். வீட்டுச் சாவி எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது. கேட்டால் தருவார், கேட்பதற்குத்தான் ஆளில்லை.